வெட்டுவதும் விடுவதும்

1980ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி காலையில் ரேமண்ட் கார்வர் தன் எடிட்டர் கோர்டன் லிஷுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறுகதை எழுதிப் பழகுகிற எவரும் ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டிய கடிதம் அது. படித்தால் சங்கடமாகத்தான் இருக்கும். வளர்ந்த ஒரு மனிதர் இன்னொருவரிடம் கெஞ்சுகிறார். புத்தகத்தை நிறுத்திவிடுங்கள், இந்த வடிவத்தில் வெளியே வந்தால் என்னால் தாங்க முடியாது, இந்தக் கதைகளின் மூலப் பிரதியைப் படித்த நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிற தொனி. கார்வர் குடியை விட்டது 1977இல். குடியிலிருந்து மீண்டதும் இந்தக் கதைகளும் அவருக்குள் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. அந்தக் கதைகளில் பாதிக்கும் மேல் இப்போது காணோம். லிஷ் வெட்டிவிட்டார்.

புத்தகம் நிற்கவில்லை. சில நாட்களில் கார்வர் சமாதானமாகிவிட்டார், அல்லது சமாதானமாக்கப்பட்டார். 1981இல் 'வாட் வி டாக் அபௌட் வென் வி டாக் அபௌட் லவ்' வெளிவந்து அவரைப் பெரிய ஆளாக்கியது. சுருக்கமான வாக்கியம், பேசாத மனிதர்கள், பாதியில் அறுந்துபோகிற முடிவு என்று கார்வர் பாணியாக உலகமே காப்பியடித்தது இந்தப் புத்தகத்தைத்தான். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் யாராவது "கடைசிப் பத்தியத் தூக்கிடுங்க, கதை நல்லா நிக்கும்" என்று சொன்னால், சொல்பவருக்கே தெரியாமல் லிஷின் பென்சில்தான் பேசுகிறது.

இந்த விவகாரம் 1998இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாகப் பொதுவெளிக்கு வந்தது. லிஷின் கைப்பிரதிகள் இண்டியானா பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கார்வர் 1988இலேயே இறந்துவிட்டார். அவர் மனைவி டெஸ் காலகர் பல வருடம் போராடிய பிறகு, வெட்டப்படாத கதைகள் 2009இல் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் வந்தன. அதற்கு முன்பே, 2007 டிசம்பரில், 'நியூ யார்க்கர்' அந்தத் தலைப்புக் கதையை வெளியிட்டு, லிஷ் எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்பதை வரி வரியாக இணையத்தில் போட்டுக் காட்டியது. என்னைப் போல நாள் முழுக்க டிஃப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. எது போயிற்று, எது வந்தது, யார் கை. கதை எழுதக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லும் புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். எதுவும் இந்த ஒரு டிஃப்புக்குப் பக்கத்தில் வராது.

ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1981 தொகுப்பில் அதன் பெயர் 'தி பாத்', அதாவது குளியல். ஒரு அம்மா மகனின் பிறந்தநாளுக்குப் பேக்கரியில் கேக் சொல்லிவிட்டு வருகிறாள். பிறந்தநாள் அன்று பள்ளிக்குப் போகும் வழியில் பையனை ஒரு கார் இடித்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். அம்மாவும் அப்பாவும் மாறி மாறிக் காத்திருக்கிறார்கள். குளித்துவிட்டு வரலாம் என்று அப்பா வீட்டுக்குப் போகும்போது போன் அடிக்கிறது. கேக் வாங்க யாரும் வரவில்லை என்று பேக்கரிக்காரர் கூப்பிடுகிறார். அப்பாவுக்கு எந்தக் கேக் என்றே தெரியாது. பிறகு அம்மா வீட்டுக்கு வருகிறாள். மறுபடி போன். பையனைப் பற்றித்தான் என்கிறது குரல். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. பையன் பிழைத்தானா, கூப்பிட்டது யார், ஒன்றும் தெரியாது. பெற்றோர் இருவரும் பெரும்பாலும் 'அம்மா', 'அப்பா' தான். பெயர்கூட அவ்வளவாக இல்லை.

1983இல் வந்த 'கதீட்ரல்' தொகுப்பில் கார்வர் இதே கதையை 'எ ஸ்மால், குட் திங்' என்ற பெயரில், நீளமாக, கிட்டத்தட்ட முதலில் எழுதியிருந்தபடியே வெளியிட்டார். இதில் பையன் இறந்துவிடுகிறான். போன் நிற்கவில்லை. அது பேக்கரிக்காரர்தான் என்று அம்மாவுக்குச் சட்டென்று புரிகிறது. நள்ளிரவில் கணவனோடு காரை எடுத்துக்கொண்டு, அவரைக் கொன்றுவிடும் வெறியோடு போகிறாள். விஷயம் தெரிந்ததும் பேக்கரிக்காரர் உட்கார நாற்காலி போடுகிறார், மன்னிப்புக் கேட்கிறார். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சூடான ரொட்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார். பிள்ளையில்லாமல் இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டு விசேஷங்களுக்குக் கேக் செய்தே காலம் கழிந்த கதையைச் சொல்கிறார். விடிகிற வரைக்கும் மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எது நல்ல கதை என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எழுதத் தொடங்கியிருக்கிறவர்கள் பெரும்பாலும் 'தி பாத்' என்பார்கள். எழுத ஆசையில்லாமல் சும்மா படிக்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். என் ஓட்டு சும்மா படிக்கிறவர்களுக்கு.

'தி பாத்' மோசமான கதை என்று சொல்லவில்லை. அந்தக் கடைசி போன் முதுகுத்தண்டில் இறங்கும். ஆனால் அது ஒரே ஒரு உணர்ச்சியின் கதை, திகில். பேக்கரிக்காரர் அதில் மனிதரே கிடையாது, இருட்டிலிருந்து வருகிற குரல். நீண்ட வடிவத்தில் அந்தக் குரலுக்கு உடம்பு வருகிறது, மாவு ஒட்டிய கை வருகிறது, தனிமை வருகிறது. அதைவிட முக்கியமாக, பிள்ளையை இழந்தவர்களுக்குப் பசிக்கிறது. ஆறுதலாக எதையாவது சொல்லவைப்பது எந்தக் கதையிலும் நடக்கும். துக்க வீட்டில் பசி வருவதை, சாப்பிடுவதற்கு வெட்கப்படுவதை, பிறகு சாப்பிடுவதைக் காட்டுவதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும். சாவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் காப்பி போட்டுக் கொண்டுவந்து "ஒரு வாய் குடிங்கம்மா" என்று கையில் திணிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே புரியும். லிஷ் எடுத்தது அதைத்தான்.

எங்கள் தொழிலில் கோடை அழிப்பது ஒரு கொண்டாட்டம். ஆயிரம் வரியை டெலீட் பண்ணிவிட்டு எல்லாம் முன்போலவே ஓடினால் டீமில் ஆளாளுக்குக் கைதட்டுவார்கள். ஏன் தைரியமாக அழிக்கிறோம்? டெஸ்ட் இருக்கிறது. ஏதாவது உடைந்தால் சிவப்பு விளக்கு எரியும். கதையில் எதை வெட்டினாலும் எந்த விளக்கும் எரியாது. ரொட்டியை எடுத்துவிட்டாலும் கதை ஓடும். இன்னும் வேகமாகக்கூட ஓடும். என்ன உடைந்தது என்று சொல்ல, வெட்டப்பட்டதைப் படித்த ஒருவர் வேண்டும். கார்வருக்கு அப்படிச் சில நண்பர்கள் இருந்தார்கள். அவர் கடிதத்தில் இருக்கும் அவமான பயத்துக்கு அவர்கள்தான் காரணம்.

ஹெமிங்வேயின் பனிப்பாறை எல்லோருக்கும் தெரியும். எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும் என்று 1932இல் வந்த 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' நூலில் எழுதினார். பட்டறைகளில், பேட்டிகளில், ஏன், முகநூல் ஸ்டேட்டஸில்கூட இது வந்துவிட்டது. ஆனால் அதே இடத்தில் அவர் சேர்த்துச் சொல்லும் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. எழுத்தாளனுக்குத் தெரிந்திருந்து விட்டால்தான் அந்த விடுபடலுக்கு எடை உண்டு. தனக்கே தெரியாததால் விட்டிருந்தால் எழுத்தில் அங்கே வெறும் பள்ளம்தான் இருக்கும். 'அவுட் ஆஃப் சீசன்' என்ற கதையில் கிழவர் தூக்கில் தொங்கியதாக இருந்த நிஜ முடிவை விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கதையில் அந்தச் சாவு இல்லை. ஆனால் எழுதும்போது அவர் தலைக்குள் இருந்தது.

நம்மூரில் இதற்கு 'வாசக இடைவெளி' என்று அழகான பெயர். நல்ல சொல்தான், பாவம், அதைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இணையத்தில் மாதத்துக்கு நாலைந்தாவது வருகிற கதை ஒன்று உண்டு. பல வருடம் கழித்து ஒருவன் ஊருக்குத் திரும்புகிறான். மனைவியோ அக்காவோ ஒன்றும் கேட்காமல் காப்பி கொடுக்கிறாள். அவன் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தைப் பார்க்கிறான். ஒரு காகம் பறக்கிறது. முற்றும். எழுதியவரிடம் "அவன் ஏன் தோழர் ஊரை விட்டுப் போனான்?" என்று கேட்டால் "அதை வாசகர் முடிவுக்கு விட்டுட்டேன்" என்பார். நான் கேட்டது வாசகருக்குத் தெரியுமா என்று இல்லை. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அந்தக் காப்பியில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்பது வரைக்கும் மாறியிருக்கும். அவன் கடன் வாங்கிவிட்டு ஓடியவன் என்றால் வாசலில் யாராவது நின்று எட்டிப் பார்ப்பார்கள். இன்னொருத்தியோடு போனவன் என்றால் அவள் காப்பியைக் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போவாள். தெரியாததால்தான் காகம் பறக்கிறது.

வெட்டுவது வேறு, விடுவது வேறு என்று எனக்குப் படுகிறது. எழுதியதைப் பிறகு எடுப்பது வெட்டுவது. கதை நிற்கும் இடத்திலிருந்து தெரியாததை முதலிலிருந்தே எழுதாமல் இருப்பது விடுவது. முதலாவதை ஒரு எடிட்டர் செய்ய முடியும். இரண்டாவதை எழுதுகிறவர் மட்டும்தான் செய்ய முடியும். இரண்டாவதற்குத் தமிழில் அசோகமித்திரனைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து கிடையாது.

'புலிக்கலைஞன்' கதையைப் பலர் படித்திருப்பீர்கள். வேலை கேட்டு ஒருவன் சினிமா ஸ்டூடியோவுக்கு வருகிறான். பெயர் காதர். தெரிந்த வித்தை புலிவேஷம். கதை இலாகா அறையில், நாலைந்து பேருக்கு முன்னால், புலித்தலையை மாட்டிக்கொண்டு பாய்ந்து காட்டுகிறான். அத்தனை பேரும் உறைந்துபோகிறார்கள். தலையைக் கழற்றியதும் பழைய காதர். சர்மாவின் காலில் விழுந்து அழுகிறான். பிறகு ஒரு வாய்ப்பு வருகிறது, அவனுக்குக் கடிதம் போடுகிறார்கள், ஆள் இல்லை என்று கடிதம் திரும்பிவிடுகிறது.

ஆனால் கதை காதரிடம் தொடங்குவதில்லை. ஸ்டூடியோவின் டிபன் இடைவேளை எத்தனை மணிக்கு என்பதில் தொடங்குகிறது. வேலை இல்லாத ஆபீஸ். படம் எதுவும் எடுக்காத காலம். சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சம்பளம் மட்டும் வருகிறது. முதல்முறை படித்தபோது 'என்னடா, இவ்வளவு நேரம் ஆபீஸ் டைமிங்கையே சொல்லிக்கிட்டிருக்கார்' என்று தோன்றியது. இன்றைய பட்டறை எதில் இந்தக் கதையை வைத்தாலும் முதல் அறிவுரை "முதல் ரெண்டு பத்தியைத் தூக்குங்க, காதர் உள்ள வர்றதுல ஆரம்பிங்க" என்பதாகத்தான் இருக்கும். லிஷும் அதைத்தான் செய்திருப்பார்.

செய்து பாருங்கள். மனசுக்குள்ளேயே அந்தப் பத்திகளை எடுத்துவிட்டுப் படியுங்கள். வறுமையில் வாடும் கலைஞன் என்ற வழக்கமான கதை மிஞ்சும். கண்ணீர் வரும், அவ்வளவுதான். அந்தச் சோம்பலான தொடக்கம் கதையைச் சொல்கிறவன் யார் என்று நமக்குத் தெரிவிக்கிறது. மாதச் சம்பளக்காரன், ஆபீஸ் பையன்களில் ஒருவன், கெட்டவன் இல்லை, ஆனால் மேஜையை விட்டு எழுந்து போகிறவனும் இல்லை. அந்த மேஜையிலிருந்து என்ன தெரியுமோ அதுதான் கதை. காதரின் வீடு தெரியாது. அவன் வாயால் வருகிற ஓரிரு வார்த்தை தவிர அவன் மனைவியைப் பற்றித் தெரியாது. கடிதம் ஏன் திரும்பி வந்தது, அவன் எங்கே போனான், உயிரோடு இருக்கிறானா, எதுவும் தெரியாது. அசோகமித்திரன் மறைத்து வைத்து விளையாடவில்லை. ஆபீஸுக்குத் திரும்பி வந்தது கடிதம் மட்டும்தான், அதனால் கதைக்குள்ளும் அது மட்டும்தான் வருகிறது. ஜெமினி ஸ்டூடியோவில் 14 வருடம் குப்பை கொட்டியவர் அவர். வேலை கேட்டு வருகிறவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு எந்த அளவுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் இன்னொன்று செய்கிறார். காதர் கிடைத்திருந்தாலும் பயனில்லை. அந்தச் சமயத்தில் காவடி எடுக்கும் காட்சியோடு வந்த படமொன்று ஓடோ ஓடு என்று ஓடிக்கொண்டிருந்ததால், இவர்கள் புலிவேஷத்தைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். அழவைக்கவே வேண்டும் என்றால் கடிதம் திரும்புவதோடு நிறுத்தியிருக்கலாம். மேலும் ஒரு தட்டு கீழே இறங்குகிறார். ஒரு மனிதன் காணாமல் போனதுகூட அங்கே ஒரு விஷயம் இல்லை. இந்தக் கடைசி வரிகளை எந்த 'மினிமலிஸ்ட்' எடிட்டரிடமும் விட்டுவைக்க மாட்டேன்.

கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையை 'தி பாத்' படித்த கையோடு படித்துப் பார்க்கலாம். இரண்டும் காத்திருப்பின் கதைகள். சென்னையில் கணவர் கவலைக்கிடம் என்று தந்தி வருகிறது. அக்காவும் தம்பியும் கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். கதையில் பெரும்பகுதி ரயிலுக்குள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த இரவை விட்டு கு.ப.ரா. வெளியே வருவதில்லை. அந்தத் தாம்பத்தியம் எப்படி இருந்தது என்பதையும் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற விளக்குகள் மாதிரி அங்கங்கே காட்டிவிட்டுப் போகிறார். ஆனால் விடிகிறது, செய்தி தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகுதான் அந்த இரவில் அவள் பட்டது என்ன என்பதே நமக்கு உறைக்கிறது. ரயில் எழும்பூரில் நிற்பதற்கு முன்னால் கதையை அறுத்துவிட்டிருந்தால் 'நவீனமாக' இருந்திருக்கும். கு.ப.ரா.வுக்கு அந்த ஆசை இல்லை.

லிஷ் வேண்டவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமா? அதுவும் இல்லை. நம்முடைய பிரச்சினை நேர் எதிர். இங்கே லிஷும் இல்லை, யாருமே இல்லை. வாரப் பத்திரிகைக் காலத்தில் கதையைப் பக்கத்துக்குத் தகுந்த மாதிரி நறுக்கினார்கள். அதை எடிட்டிங் என்று சொல்ல முடியாது, தையல்கடை வேலை. க்ரியா ராமகிருஷ்ணன் மாதிரி ஒரு பிரதியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் விதிவிலக்குகள். இணையத்தில் பக்க வரம்பும் போய்விட்டது. ராத்திரி அனுப்பிய கதை சந்திப்பிழையோடு அடுத்த வாரம் பிரசுரமாகிறது, கீழே பத்துப் பேர் "அருமை தோழர்" போடுகிறார்கள், பத்துக் கதை சேர்ந்ததும் புத்தகக் கண்காட்சிக்குத் தொகுப்பு. மூன்று வருடம் கழித்து அந்த எழுத்தாளரைக் காணோம். திறமை இல்லாமல் போனவர்கள் இல்லை இவர்கள். இந்த வரி எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்காததால் போனவர்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. என் தொழிலில் புதிதாகச் சேர்ந்த பையன் எழுதும் பத்து வரிக்கு இரண்டு சீனியர்கள் உட்கார்ந்து கமென்ட் போடுகிறார்கள். ஒருவர் தன் வாழ்க்கையைப் பிழிந்து எழுதிய கதைக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை.

கார்வருக்கு லிஷுக்கு முன்னால் இன்னொருவர் கிடைத்திருந்தார். 1950களின் கடைசியில், கலிஃபோர்னியாவின் சிகோ ஊர்க் கல்லூரியில், ஜான் கார்ட்னர். அப்போது கார்ட்னரின் நாவல் எதுவும் வெளியாகியிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளோடு எழுத இடமில்லாமல் தவித்த கார்வருக்கு வாரக் கடைசியில் எழுதிக்கொள்ளத் தன் ஆபீஸ் அறைச் சாவியைக் கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி, அவர் கதையைத் திருத்திய முறை. கார்வர் ஒரு கட்டுரையில் இதை விவரித்திருக்கிறார். சில சொற்களைக் கார்ட்னர் நேரடியாக அடித்துவிடுவார், அதில் பேச்சுக்கே இடமில்லை. வேறு சில வரிகளை அடைப்புக்குறிக்குள் போடுவார். அவை பேசி முடிவெடுக்க வேண்டியவை. இது உனக்கு ஏன் வேண்டும், சொல்லு. மாணவன் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடிந்தால் வரி இருக்கும்.

அந்த அடைப்புக்குறிதான் எனக்கு வேண்டும். லிஷின் பிரதியில் அது இல்லை. அங்கே நேரடியாகக் கோடுதான்.

நாங்கள் நாலு பேர் இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை கூகுள் மீட்டில் இதைச் செய்துபார்க்கிறோம். கதையை முதலிலேயே அனுப்பிவிட வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. சந்தேகமுள்ள வரிகளை அடைப்புக்குறிக்குள் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். போனமுறை எங்களில் ஒருவர் கதையில், ஒரு கிழவி பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்க மறுக்கிறாள். ஏன் மறுக்கிறாள் என்று கதையில் இல்லை. மூன்று பேரும் அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டிருந்தோம். கேட்டதும் எழுதியவர் இருபது நிமிடம் அந்தக் கிழவியைப் பற்றிப் பேசினார். அவள் புருஷன் அதே ரூட்டில் கண்டக்டராக இருந்தவர், நாற்பது வருடம் அவள் டிக்கெட் வாங்கியதே இல்லை. அதில் ஒரு சொல்லைக்கூடக் கதையில் சேர்க்க வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். அவருக்குத் தெரிந்திருக்கிறது, போதும். ஆனால் பேசி முடித்த பிறகு அவராகவே ஒன்றை மாற்றினார். கிழவி இப்போது கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறாள்.

புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு செம்பதிப்பில் பாட வேறுபாடுகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பத்திரிகையில் வந்தபோது எப்படி, நூலானபோது எப்படி என்று பார்க்கலாம். ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று நினைத்து அந்தப் பக்கங்களைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். எழுதுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கார்வரிடம் திரும்புவோம். இறந்த வருடமான 1988இல், தன் கதைகளிலிருந்து தானே தேர்ந்தெடுத்து 'வேர் ஐயாம் காலிங் ஃப்ரம்' என்று ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு லிஷ் தேவையில்லை. எந்த வடிவத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் பலம் இருந்தது. லிஷ் வெட்டியது எல்லாவற்றையும் பழிக்குப் பழி என்று திரும்ப ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். 'தி பாத்' அந்தத் தொகுப்பில் இல்லை, ரொட்டி இருக்கிற கதைதான் இருக்கிறது. 'சோ மச் வாட்டர் சோ க்ளோஸ் டு ஹோம்' நீண்ட வடிவத்துக்குத் திரும்பியது. ஆனால் நாலு பேர் ஜின் குடித்தபடி காதலைப் பற்றிப் பேசுகிற அந்தத் தலைப்புக் கதை, கடைசிப் பல பக்கங்களை லிஷ் எடுத்துவிட்டு, அறை இருட்டாகி யாரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதோடு நிறுத்தினாரே, அதை அப்படியே வைத்துக்கொண்டார். 'பிகினர்ஸ்' தொகுப்பில் அந்த மிச்சப் பக்கங்களையும் படித்துப் பார்த்தேன். லிஷ் எடுத்தது சரி.